தேன் பதத்தில் ஒரு டீ

"எங்கப்பாவுக்குப் பசை காய்ச்சி ஊத்தறா" என்று நாத்தனார் சொன்னது முதலில் அவளுடைய சித்தியின் காதுக்குப் போனது. சித்தியின் காதுக்கு ஒரு விஷயம் போனால் ஒலிபெருக்கிக்குப் போன மாதிரி. அங்கிருந்து தெருத்தெருவாகச் சுற்றி, கடைசியில் டிரை கிளீனிங் கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மருமகளிடமே வந்து சேர்ந்தது. துணி வாங்க வந்த ஒரு பெண்மணி சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, உங்க மாமனாருக்கு ஏதோ பசை கொடுக்கிறீங்களாமே?"

"பசை இல்லீங்க. கெட்டிப் பவுடர். அவருக்கு முழுங்கும்போது மூச்சுக் குழாய் சரியா மூடாது. தண்ணி மாதிரி எதைக் குடிச்சாலும் அதுக்குள்ள போயிடும். கெட்டியாக்கிக் கொடுத்தா மெதுவா இறங்கும், புரை ஏறாது."

"அப்படியா. நான்கூட வேற என்னமோ நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரர் சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சா?"

மாமாவுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் போட்டோம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மருமகள் அதை விழுங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் எதையும் தடங்கல் இல்லாமல் விழுங்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிப் பிழைத்தவர். மைக்குக்காரர் என்றால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை அவர் சொல்லிக் கேட்டால், தாமதமான வண்டி மேல்கூடக் கோபம் வராது என்பார்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கத்துக் கையையும், வாயின் பாதியையும், தொண்டையில் பேர் தெரியாத ஏதோ ஒரு தசையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு கொஞ்சம் திரும்பியது. விழுங்குவது திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தபோதே நாத்தனார் குறுக்கே விழுந்தாள்.

"அப்பாதான் கொஞ்சம் கொஞ்சம் பேசிடறாரே. பேச்சுக்காரங்க எதுக்கு?"

"பேசறதும் முழுங்கறதும் ஒரே வாசல்தாங்க. ரெண்டையும் நாங்கதான் பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண். ஒரு டப்பாவைத் திறந்து, வெந்நீரில் வெள்ளைப் பவுடரைத் தூவிக் கலக்கி, சற்று நேரம் விட்டு, கரண்டியைச் சாய்த்துக் காட்டினாள்.

"பாருங்க. தேன் வழியற மாதிரி வழியணும். தண்ணியா ஓடவும் கூடாது, களியா பொத்துனு விழவும் கூடாது. இந்தப் பதம்தான் இவருக்கு. நேரா உட்கார வெச்சு, தாடையைக் கொஞ்சம் இறக்கி, சின்னக் கரண்டியில கொடுங்க. வாயில இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீங்க."

மருமகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தண்ணீர், டீ, ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு, எல்லாம் தேன் பதம். மாமனார் முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"எப்படி மாமா இருக்கு?"

"டீக்கு... சளி பிடிச்ச மாதிரி."

"உங்களுக்குச் சளி பிடிக்கிறதை விட டீக்குப் பிடிக்கட்டும். குடிங்க."

அவர் குடித்தார். இருமல் இல்லை. அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

நாத்தனாருக்குப் போதவில்லை. அவள் இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருந்தாள். பகலில் கூட்டம் ஓய்ந்ததும் கையில் கிரீம் வாசனையோடு வந்துவிடுவாள். சாயங்கால டீயை அப்பாவுக்கு அவள்தான் கொடுப்பாள். அது அவளாக எடுத்துக்கொண்ட உரிமை, யாரும் தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மருமகள் டீயைக் கலந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கத்து பால்கனிக்குப் போய்த் துணி மடிப்பாள். ஒருத்தி உள்ளே இருந்தால் இன்னொருத்தி வெளியே. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் காற்றோட்டமே அப்படித்தான்.

"இதைப் போய் மனுஷன் குடிப்பானா? முகத்துக்குப் போடற பேக்கே இதைவிட இளக்கமா இருக்கும்."

"முகத்துக்குப் போடறது நுரையீரலுக்குப் போகாது அண்ணி."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பியே."

பசைக் கதை அப்போது கிளம்பியதுதான். அது அடங்குவதற்குள் அடுத்தது கிளம்பியது. சாயங்கால டீயின்போது மாமனார் இருமத் தொடங்கினார். பாதிக் கோப்பை வரை ஒன்றும் இருக்காது. அப்புறம் கண் பிதுங்க, முகம் சிவக்க இருமல்.

"யாரோ நினைக்கிறாங்கப்பா" என்று நாத்தனார் அவர் உச்சந்தலையில் தட்டுவாள்.

நினைத்தவர்கள் யாரோ, வந்தது நெஞ்சில் சளி. காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் மறுபடி காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. இரண்டாம் தடவை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குடிப்பது நுரையீரலுக்குள் இறங்குகிறது, இப்படியே போனால் வாய் வழியாக எதுவும் கூடாது, மூக்கில் டியூப் போட்டு நேராக வயிற்றுக்கு விட்டுவிட வேண்டியதுதான். வியாழக்கிழமை எல்லோரும் வாருங்கள், முடிவு செய்வோம்.

இப்போது நாத்தனார் சித்தியிடம் போனில் சொன்னது பசைக் கதை இல்லை. "தண்ணியா கலந்து வெச்சிட்டுப் போயிடறா சித்தி. காலையில அவ கையால கொடுக்கும்போது ஒழுங்கா இருக்கு. சாயங்காலம் நான் கொடுக்கறதுதானே, ஏனோதானோன்னு கலக்கறா."

பால்கனியிலிருந்து மருமகள் இதைக் கேட்டாள். மடித்த துணி கையிலேயே கலைந்தது. போன மாதம் வரை கெட்டி என்று திட்டு. இந்த மாதம் தண்ணி என்று திட்டு. எந்தப் பதத்தில் கலந்தால் அந்த வாய் மூடும் என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமனார் மறுபடி இருமினார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அன்று சீக்கிரம் வந்திருந்தான். நாத்தனார் கோப்பையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா. உன் பெண்டாட்டியோட தேன் பதத்தைப் பாரு."

அவன் கோப்பையைச் சாய்த்தான். டீ தண்ணீராக ஓடியது. மருமகள் பால்கனியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். நிஜமாகவே தண்ணீர்தான்.

"நான் கெட்டியாத்தான் கலந்தேன். கரண்டியைச் சாய்ச்சுப் பார்த்துட்டுத்தான் வெச்சேன்."

"அப்போ நான் பொய் சொல்றேனா? கோப்பை பொய் சொல்லுதா?"

"அண்ணி, நேராவே கேக்கறேன். பாவம் பார்த்து நீங்க தண்ணி ஊத்தினீங்களா?"

"என்ன கேட்டே?"

"ஊத்தினீங்களான்னு கேட்டேன்."

"கேட்டியாடா? பெத்த அப்பனுக்கு நான் கெடுதல் பண்றேனாம். இவ்வளவு நாள் இவ கலந்த தண்ணியால அவர் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாரு. இப்ப பழி என் தலையில."

கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டினான். பழுதான லிஃப்டில் கதவு மூடாமல் பிடித்துக்கொள்பவன் நிற்பது போல நின்றான்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. டியூப் போட்டுடலாம். பிரச்சனை முடிஞ்சுது."

"யாருக்கு முடிஞ்சுது?" என்றாள் மருமகள்.

"எல்லாருக்கும்தான். கெட்டியா, தண்ணியான்னு சண்டை இருக்காது இல்ல?"

"சண்டை ஓயணும்னு அவர் மூக்கைத் துளைக்கிறதா? நம்ம ரெண்டு பேர் வாயை மூட வழியில்லாம, அவர் வாயை மூடறீங்களா?"

"துளைக்கறதெல்லாம் இல்லக்கா... இல்லம்மா" என்று அவன் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினான். "எத்தனையோ பேருக்குப் போடறாங்க."

நாற்காலியில் தாடையை இறக்கி உட்கார்ந்திருந்த மாமனார் நல்ல கையைத் தூக்கினார்.

"வேண்... டாம்."

"அப்பா, உங்க நல்லதுக்குத்தான்."

"டீ... வேணும்."

ஒரு கோப்பை டீதான் அவருக்கு மிச்சமிருந்த வாய் ருசி. அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. மருமகளுக்கு நெஞ்சு எரிந்தது. தன் பேர் கெட்டதை விட, தன் பேரைக் காரணம் காட்டி அந்த மனிதரின் வாயைத் தைக்கப் போகிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவள் கடைக்குப் போய் அரை நாளில் திரும்பினாள். சாயங்காலம் டீயைக் கலந்தாள். கணவனை சமையலறைக்குக் கூப்பிட்டு, கரண்டியைச் சாய்த்து அவன் கண்ணெதிரே வழிய விட்டாள்.

"என்ன பதம்?"

"தேன் மாதிரி இருக்கு."

"நல்லாப் பார்த்துக்குங்க. அப்புறம் பார்க்கலைன்னு சொல்லக் கூடாது."

கோப்பையை எடுத்துக்கொண்டு போய் நாத்தனார் கையில் கொடுத்தாள். ஆனால் பால்கனிக்குப் போகவில்லை. எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன, போலீஸ் காவலா?" என்றாள் நாத்தனார்.

"நீங்க கொடுங்க அண்ணி. நான் பார்க்கறேன்."

"பாரு. நல்லாப் பாரு. எப்படிப் பாசமா கொடுக்கணும்னு கத்துக்கோ."

நாத்தனார் கரண்டியால் டீயை அள்ளினாள். தன் உதட்டில் வைத்து, நாக்கு நுனியால் தொட்டு, சூடு பார்த்தாள். "சரியா இருக்கு, குடிங்கப்பா." கொடுத்தாள். வெறும் கரண்டியைத் தன் வாயில் ஒரு இழுப்பு இழுத்து வழித்துவிட்டு மறுபடி கோப்பைக்குள் விட்டுக் கலக்கினாள். அள்ளினாள். ஊதினாள். உதட்டில் வைத்தாள். கொடுத்தாள். வழித்தாள். கோப்பைக்குள் விட்டாள்.

மருமகள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"அண்ணி, ஒவ்வொரு வாய்க்கும் சூடு பார்ப்பீங்களா?"

"பார்க்காம? அப்பாவுக்கு அந்தப் பக்கத்து உதட்டுல உணர்ச்சியே இல்ல. சுட்டாக்கூடத் தெரியாது. ஒரு தடவை வெந்தே போச்சு, நீ பார்த்தியா? என் ரெண்டு பிள்ளைகளையும் இப்படித்தான் வளர்த்தேன்."

"எப்பவும் இதே கரண்டிதானா?"

"எங்கப்பா எச்சில் எனக்கு என்ன விஷமா? என் எச்சில் அவருக்கு விஷமா?"

மருமகள் கோப்பை பாதிக்கு வரும்வரை பொறுத்தாள். அடுத்த கரண்டி மாமனாரின் வாய்க்குப் போகும் முன் எட்டி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு கையை."

"சாய்ச்சுக் காட்டுங்க."

கரண்டி சாய்ந்தது. டீ ஓடியது. சொட்டுச் சொட்டாக, தண்ணீராக.

கணவன் வாசலில் நின்றிருந்தான். "இப்பத்தானே தேன் மாதிரி இருந்துச்சு?"

"இருந்துச்சு இல்ல? நீங்களே பார்த்தீங்க இல்ல? வாங்க சமையலறைக்கு."

அடுப்பில் மிச்சமிருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி இரண்டிலும் பவுடரைக் கலந்தாள். இரண்டும் ஒரே பதத்துக்கு வந்தபின் ஒரு கரண்டியைக் கணவனிடம் நீட்டினாள்.

"வாயில வைங்க."

"எதுக்கு?"

"மிட்டாய்னு நினைச்சு வைங்க. நல்லாச் சப்புங்க. ம், இப்ப இந்த டம்ளர்ல விட்டுக் கலக்குங்க. மறுபடி வாயில. மறுபடி டம்ளர்ல."

"என்னம்மா இது, கூத்து."

"என்னைப் பத்தி ஊரெல்லாம் நடந்த கூத்தை விடவா? கலக்குங்க."

அவள் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு பாத்திரமும் அன்று கொஞ்சம் சத்தமாகவே கவிழ்ந்தது. பிறகு இரண்டு டம்ளரையும் நாத்தனார் முன்னால் கொண்டுபோய் வைத்துச் சாய்த்தாள். ஒன்று தேனாக வழிந்தது. மற்றது தண்ணீராக ஓடித் தட்டை நிரப்பியது.

கணவன் தன் நாக்கைத் தானே சந்தேகமாகத் தடவிக்கொண்டான்.

தெரபிஸ்டைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். மருமகள் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அந்தப் பவுடர் மாவுச்சத்துதாங்க. எச்சில் பட்டா கரைஞ்சு இளகிடும். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற வேலையே வாயில இருந்துதானே ஆரம்பிக்குது. வெதுவெதுப்பா இருந்தா இன்னும் சீக்கிரம். எச்சிலுக்கு இளகாத பிசின் வகையும் இருக்கு, அதுக்கு மாத்தித் தர்றேன். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். சூடு பார்த்துக் கொடுப்பீங்களான்னு கேட்டிருக்கணும், கேக்கல. என் தப்புங்க. மன்னிச்சுக்கங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட நானே வந்து பேசறேன்."

கவனித்துக் கேட்டால், இந்த விஷயத்தில் மன்னிப்பு என்ற சொல் அந்த ஒரு வாயிலிருந்துதான் வந்தது. அந்த வாய் ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது.

இந்தக் கோடியில் இருந்தவள் அழத் தொடங்கினாள்.

"நானா? நானா எங்கப்பாவை... சுடக் கூடாதேன்னுதானே பார்த்தேன். பாசத்துலதானே."

கணவன் ஓடிப்போய் அக்காவின் தோளைப் பிடித்தான். "அழாதேக்கா. உனக்கென்ன தெரியும். யாருக்கும்தான் தெரியல. விடுக்கா." தண்ணீர் கொண்டுவந்தான். மின்விசிறியைக் கூட்டினான். மாமனார்கூட நல்ல கையை நீட்டி மகளின் முழங்கையைத் தொட்டார்.

மருமகள் இரண்டு டம்ளரோடு நின்றாள். அவளுக்கும் நாத்தனாரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பெற்ற அப்பாவுக்கு ஆசையாகக் கொடுத்ததே வினையாகிப் போனால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் இத்தனை நாள் ஏனோதானோக்காரி என்று பேர் வாங்கிப் பால்கனியில் நின்றபோது, ஒருவரும் விசிறியைக் கூட்டவில்லையே. தெரியாமல் செய்தவளுக்கு ஆறுதல். செய்யாதவளுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"ஏங்க" என்றாள்.

"ம்?"

"ஒண்ணுமில்ல. அக்காவுக்குத் தண்ணி போதுமான்னு கேளுங்க."

அவனுக்கு உறைத்தது, கொஞ்சம். தலையைக் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். தெரபிஸ்ட் அவர் முன்னாலேயே புதுப் பவுடரில் கலந்து மாமனாருக்குக் கொடுத்து, கழுத்தில் விரல் வைத்து விழுங்குவதைப் பார்த்தாள். நெஞ்சில் சத்தம் கேட்கிறதா என்று டாக்டர் பார்த்தார். இப்போதைக்கு டியூப் வேண்டாம், வாய் வழியாகவே கொடுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். காரில் திரும்பும்போது மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். மூக்கை நல்ல கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டீ. இப்போது இரண்டு கரண்டி. நாத்தனார் ஒன்றில் எடுத்துத் தன் வாயில் சூடு பார்த்து, அதைத் தனித் தட்டில் வைத்துவிட்டு, மற்றதால் அப்பாவுக்குக் கொடுத்தாள். மருமகள் பால்கனிக்குப் போகவில்லை. முக்காலி அவளுடையதாகிவிட்டிருந்தது. அப்போது சித்தியின் போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி ஆச்சு, டியூப் போட்டாங்களா?"

"இல்ல சித்தி. வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பழைய டப்பாதான் சரியில்ல போலிருக்கு. புதுசா மாத்திட்டோம்."

"அப்படிச் சொல்லு. நான் அன்னைக்கே நினைச்சேன்."

"ஆமா சித்தி. அவளும் இப்ப கொஞ்சம் கவனமா கலக்கறா."

முக்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. மருமகள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க அண்ணி."

"எதுக்கு? பேசிட்டுத்தானே இருக்கேன்."

"குடுங்க."

கணவன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். போன் கை மாறியது.

"சித்தி, நான்தான் பேசறேன். டப்பால ஒரு குறையும் இல்ல. நான் அன்னைக்கும் கவனமாத்தான் கலந்தேன், இன்னைக்கும் அப்படித்தான். அண்ணி சூடு பார்த்த கரண்டியையே கோப்பையில விட்டுட்டு இருந்தாங்க. எச்சில் பட்டா அந்தப் பவுடர் இளகிடும். தண்ணியானது அதனாலதான்."

"அடடா. சரி விடும்மா, யார் செஞ்சா என்ன. ஏதோ நல்லதா முடிஞ்சுது இல்ல?"

"நான் செஞ்சேன்னு நினைச்சப்போ யாருமே 'யார் செஞ்சா என்ன'ன்னு சொல்லலையே சித்தி. கடைக்குத் துணி வாங்க வந்தவங்ககூடக் கேட்டுட்டுப் போனாங்க."

அந்தப் பக்கம் இருமல் வந்தது. சித்திக்குத் தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை.

"இப்ப என்னம்மா பண்ணணும்கிறே?"

"பசைன்னு யார் யார்கிட்ட சொன்னீங்க, தண்ணின்னு யார் யார்கிட்ட சொன்னீங்க, உங்களுக்குத் தெரியும். அவங்க எல்லார்கிட்டயும் இதையும் சொல்லுங்க. அதே வேகத்துல."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நாத்தனார் கரண்டியைப் பிடித்தபடி உறைந்துபோனாள். மாமனாரின் தோள் குலுங்கியது. நல்ல பக்கத்து உதடு மேலே ஏறியிருந்தது. இருமல் இல்லை. வாயில் டீயை வைத்துக்கொண்டு சிரிக்கிறார் மனிதர்.

மருமகள் போனை மேசைமேல் வைத்துவிட்டு அவர் தாடைக்குக் கீழே கை வைத்தாள்.

"மாமா, முதல்ல முழுங்குங்க. முழுங்கிட்டுச் சிரிங்க."

தொண்டை ஏறி இறங்கியது. அவள் அது இறங்குகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை மறுபடி கையில் எடுத்தாள்.

"சித்தி, வெச்சிடாதீங்க. நான் இன்னும் முடிக்கல."